சுண்ணாம்புக் கோட்டுக்கு இடதுபக்கம்

பஸ்ஸின் பின்படியில் தொங்கிக்கொண்டு வரும் கிளீனருக்கு அந்தக் காலத்தில் இரண்டு வேலை. ஒன்று, ஆள் ஏற்றுவது. மற்றது, போகிற போக்கில் சைக்கிள்காரன் முதுகில் சாத்துவது. இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆசைக்குச் செய்தான்.

ஒத்தக்கடையிலிருந்து சிம்மக்கல் வரைக்கும் காலையில் சைக்கிள் மிதித்த எங்கள் எல்லோர் முதுகிலும் அந்தக் கை ஒரு தடவையாவது விழுந்திருக்கும். விரிந்த உள்ளங்கை, அதற்குப் பின்னால் பஸ்ஸின் வேகம், வேர்வையில் ஒட்டிய சட்டை. வெடி போட்ட மாதிரி கேட்கும். அடித்துவிட்டு "ஓரமாப் போடா" என்பான். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே போக முடியும்? தார் முடிகிற இடத்தில் பள்ளம், பள்ளத்தில் கருவேல முள். அடி வாங்கி ஹேண்டில் ஆடினால் முள்ளுக்குப் போகலாம், இல்லையென்றால் பின்சக்கரத்துக்குப் போகலாம். இப்படி இரண்டுக்கும் போனவர்களை எனக்குத் தெரியும். முள்ளுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

எனக்கு அடி குறைவுதான். காரணம் வீரம் இல்லை. ஹாரன் சத்தம் காதில் விழுந்ததுமே நானாகவே சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கிவிடுவேன். பஸ் எதிர்த்திசையில் போனாலும் இறங்குவேன். ஒரு கல்யாண வீட்டில் நாயனக்காரர் சும்மா ஊதிப் பார்த்ததற்கு, பந்தியிலிருந்து எழுந்து சுவரோரமாய்ப் போய் ஒட்டிக்கொண்டேன். பக்கத்து இலைக்காரர், "வாந்தி வருதாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றினேன். பாயசம் போய்விட்டது.

எனக்குச் சிம்மக்கல்லில் சுண்ணாம்பும் காவியும் நீலமும் விற்கிற மொத்தக் கடையில் வேலை. என் தங்கச்சி புருஷனுக்கு வாழை இலை வியாபாரம். மாப்பிள்ளை என்று கூப்பிடுவதை வைத்து அவனை மைனர் செயின் போட்ட ஆளாக நினைக்க வேண்டாம். விடிவதற்குள் தோட்டத்தில் இலை அறுத்துக் கட்டி, கேரியரில் குறுக்காக ஏற்றி, சிம்மக்கல் சந்தைக்கு மிதிப்பான். நெஞ்சு அகலம், பேச்சு குறைவு. நான் அவனுக்குப் பின்னாலேயே போவேன்.

ஒரு நாள் காலையில், கோரிப்பாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால், மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தனியார் பஸ் இலைக் கட்டின் வலது முனையைத் தட்டியது. கட்டு சுழன்றது, கட்டோடு சைக்கிளும் சுழன்றது. மாப்பிள்ளை தோள்பட்டை தரையில் பட விழுந்தான். காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் கேட்டது. இடது கையின் இரண்டு விரல்கள் பெடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கின. இலையில் ரத்தம் ஒட்டாது. உருண்டு உருண்டு ஓடும். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "எலக் கட்டுக்கு எதுக்குடா ரோடு? தலையில வச்சு நடந்து போ!" அதோடு முடியவில்லை. வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்து, வேண்டுமென்றே கட்டின் மேல் ஏற்றிவிட்டுப் போனான். ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வெற்றிலை துப்பினார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். பள்ளத்தில், முள்ளுக்குள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். யார் ஒதுங்குவதற்காக அடித்தேன் என்று இன்றுவரை புரியவில்லை.

எலும்பு கூடிவிட்டது. விரல்கள் கோணலாகவே நின்றுவிட்டன. மறுபடி இலை ஏற்ற வந்த முதல் நாளே கட்டுக்குள் புதிதாக ஒன்று இருப்பதைப் பார்த்தேன். இலை அறுக்கச் சின்ன வளைகத்தி போதும். இது ஆட்டுக் கழுத்துக்கான அரிவாள்.

"எதுக்கு மாப்ள இது?"

"எல வெட்ட."

"எல வெட்ட இம்புட்டுப் பெருசா?"

"ஒரே ஒரு எலதான் மச்சான். காக்கிச் சட்ட போட்டு ஸ்டீரிங்கு புடிக்கிற எல."

அவன் கோபத்தில் கத்துகிறவனாக இருந்தால் எனக்குப் பயமே இருந்திருக்காது. கத்துகிறவன் வெட்ட மாட்டான். இவன் கணக்காக யோசித்து வைத்திருந்தான். ஓடுகிற பஸ்ஸைச் சைக்கிளில் பிடிக்க முடியாது. ஆனால் வைகைப் பாலத்தில் என்றைக்காவது மாட்டு வண்டி குறுக்கே நிற்கும், லாரி நிற்கும், எல்லாம் அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு அந்த பஸ்ஸும் நிற்கும். "பாலம் அடைக்கட்டும் மச்சான். அன்னைக்கிப் பாத்துக்கிறேன்."

அதற்குப் பிறகு என் காலைகள் எப்படிப் போயின என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மீனாட்சியைக் கும்பிட்டுப் பிள்ளை கேட்பவர்கள் உண்டு, வேலை கேட்பவர்கள் உண்டு. பாலத்தில் போக்குவரத்து தடையில்லாமல் ஓட வேண்டும் என்று கும்பிட்டவன் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாலத்தில் ஒரு மாடு நின்று சாணி போட்டால்கூட விடமாட்டேன். நானே இறங்கிப்போய் மாட்டை ஓட்டுவேன். வண்டிக்காரர்கள் என்னைப் புண்ணியவான் என்றார்கள்.

தங்கச்சிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு கடை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அவரு அருவாளோட முன்னால போறாரு. நீ பின்னாலயே போற. வேடிக்க பாக்கவாண்ணே போற?"

"நான் என்னம்மா செய்ய? புடுங்குனா வேற வாங்குவாரு."

"அவரு செயிலுக்குப் போயிட்டா நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஒன் வீட்டுலதான் வந்து உக்காருவேன். மதினிகிட்ட இப்பவே சொல்லி வச்சிரு."

இது மிரட்டல் இல்லை, திட்டம். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் கெஞ்சினேன். அவன் கோணல் விரலை நீவிவிட்டுக்கொண்டான். அப்புறம், "சைக்கிளுக்குன்னு தனியா ஒரு வழி இருந்தா அவன் மூஞ்சியில நான் எதுக்கு முழிக்கப் போறேன்? வழி வாங்கிக் குடு. அருவாள அடுப்படியில போட்டுர்றேன்" என்றான்.

மதுரையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்ட முதல் ஆட்களில் நானும் ஒருவன். கொள்கை கிடையாது. வீட்டுக்குத் தங்கச்சி வந்துவிடுவாளே என்ற பீதிதான்.

ஒத்தக்கடை டீக்கடையில் கூட்டம் போட்டோம். பால்காரர்கள், கீரைக்காரர்கள், கொத்தனார்கள், ஆரப்பாளையம் பக்கத்து மில்லுக்குப் போகிறவர்கள். பாதை வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. பாதை கிடைத்தால் யார் முன்னால் போவது என்பதில்தான் வந்தது வினை.

"பால் திரிஞ்சு போகும்ப்பா, நாங்க மொத."

"மில்லுல சங்கு ஊதிட்டா கேட்டு அடச்சிருவான், நாங்கதான் மொத. ஒங்க வாளி எங்க முட்டியப் பேக்குது."

"ஒன் முட்டி என்ன தங்கமா?"

காற்றடிக்கிற பம்பை எடுத்தது மில்காரர். வாளியைச் சுழற்றியது பால்காரர். ஒருவருக்கு முன்பல் போனது, பெஞ்சின் கால் போனது, எனக்கு டீ போனது. நான் பெஞ்சுக்கு அடியிலிருந்தபடியே, இதுதான் ஒற்றுமையின் தொடக்கம் என்று பேசினேன். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் கை வேறு வேலையாக இருந்தது.

அடி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு வட்டாரப் புள்ளியைப் போய்ப் பார்த்தோம். எந்தக் கட்சி என்று வேண்டாம், மாறிக்கொண்டே இருந்தார். எங்களை நிற்க வைத்துக்கொண்டு அவர் இட்லி தின்று முடித்தார்.

"தம்பி, நீங்க சொல்றது நாயந்தான். ஆனா எலெக்சனுக்கு ஆளு ஏத்த பஸ் மொதலாளி வண்டி விடுறாரு. நீங்க என்ன விடுவீக? சைக்கிளா?"

"ஓட்டுப் போடுவோம்ணே."

"ஓட்டுப் போட வரணும்ல? அதுக்குத்தான் பஸ்ஸு."

திரும்பினோம். மாப்பிள்ளை கேரியரில் இருந்த கட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டான். உள்ளே இரும்பு இருக்கிறதா என்று.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். பெரிய மனிதர் வந்தால் எங்கள் ஊரில் நடக்கிற முதல் காரியம், ரோட்டின் இரண்டு ஓரமும் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியால் வெள்ளைக் கோடு போடுவது. சுண்ணாம்பு எங்கள் கடையிலிருந்துதான் போகும். எதற்கு அந்தக் கோடு என்று யாருக்கும் தெரியாது. வருகிறவர் தவறி வயலுக்குள் போய்விடுவார் என்றா? ஆனால் கோடு விழுந்துவிட்டால் ஊருக்கே ஒரு மரியாதை வந்துவிடும். வாசல் கோலத்தைச் செருப்புக் காலோடு மிதிக்கிறவன்கூட அந்தக் கோட்டைத் தாண்டிக் கால் வைப்பான். அன்றைக்கு நான் பள்ளத்தில் இருந்தபடி பார்த்தேன். அந்த பஸ் வந்தது, அதே டிரைவர். கோடு கிழித்த இடத்திலிருந்து ஒரு கை தள்ளியே, புது மருமகன் மாதிரி, அடக்கமாகப் போனான்.

எனக்குப் புத்தி வருவது அபூர்வம். வந்தால் இப்படித்தான் ஏடாகூடமாக வரும்.

ஈரம் பட்டு ஒதுக்கிய சுண்ணாம்பு மூட்டைகள் கடையில் கிடந்தன. முதலாளி "எங்கிட்டாவது தூக்கிப் போட்டுட்டு வாடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தூக்கிப் போட்டேன். ரோட்டில் போட்டேன், கயிறு பிடித்து, நேராக, ஓரத்திலிருந்து ஒரு பாய் அகலம் உள்ளே தள்ளி. ராத்திரியில் செய்தால் திருட்டு என்பார்கள், அதனால் நல்ல மத்தியான வெயிலில் செய்தோம். கோரிப்பாளையத்துக்கு முன்னாலிருந்து பாலத்தின் மறுமுனை வரைக்கும். கயிற்றின் ஒரு முனை மாப்பிள்ளை கையில், மறுமுனை ஒரு பால்காரர் கையில். கூடை என் இடுப்பில்.

கோரிப்பாளையம் முக்கில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைச் சரி செய்தபடி வந்தார். என் கை தூவுவதை நிறுத்திவிட்டது. கூடையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினேன்.

"யாருய்யா வர்றாக?"

"பெரியவுக."

"எந்தப் பெரியவுக?"

"ரொம்பப் பெரியவுக."

"என்னைக்கு?"

"நாளைக்குக் காலைல." கேட்கக்கூட இல்லை, நானே மேலும் சொன்னேன்: "ஒங்களுக்கு இன்னும் சொல்லலியா?"

பயந்தால் சிலருக்குப் பொய் வராது. எனக்குப் பயந்தால்தான் வரும், வந்தால் நிற்காது. அவர் முகம் மாறிவிட்டது. தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. "சொன்னாக, சொன்னாக" என்றார். விசில் ஊதி, வந்த பஸ்ஸை நிறுத்தி, நாங்கள் கோடு போட்டு முடிக்கும்வரை பிடித்து வைத்தார். மாப்பிள்ளை சிரித்ததை விபத்துக்கு அப்புறம் அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் பாலத்தின் ஒரு பக்கம் ஒரு கட்சிக் கொடி ஏறியது. கோடு போட்டிருக்கிறதே, நம் தலைவர்தான் வருகிறார், நமக்குச் சொல்லாமல் மேலே முடிவு செய்துவிட்டார்கள் என்று வருத்தத்தோடு கட்டினார்கள். அதைப் பார்த்த எதிர்க்கட்சிக்காரர்கள், "அவிங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது? வர்றது நம்ம ஆளு" என்று மறுபக்கம் கட்டினார்கள். வாழை மரம் வந்தது. தவில் வந்தது. நான் வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். வெயில் காலம்.

மறுநாள் காலை நாங்கள் அந்தக் கோட்டுக்கு இடதுபக்கம் சைக்கிள் மிதித்தோம்.

அதை எப்படிச் சொல்வது? பால்காரர்கள், மில்காரர்கள், கீரைக்காரர்கள், யார் முன்னால் என்ற சண்டை இல்லாமல், வரிசையாக. பஸ்கள் கோட்டுக்கு அந்தப்பக்கம். ஒரு பஸ்ஸின் கிளீனர் பழக்கதோஷத்தில் என் முதுகுக்குக் கையை நீட்டினான். எட்டவில்லை. இன்னும் எம்பி நீட்டினான். காற்றைத்தான் அடித்தான். நான் திரும்பிப் பார்த்து அவனுக்குச் சலாம் போட்டேன். ஹாரன் அடித்தார்கள், பள்ளத்தில் இறங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பாலத்தில் ஏறியதும் ஆச்சரியம் முடிந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் நேருக்கு நேர் நின்றுகொண்டிருந்தார்கள். யார் தலைவர் வருகிறார் என்பதை வாயால் முடிவு செய்ய முடியாமல், கொடிக்கம்பை உருவியிருந்தார்கள். முதல் அடி யார் அடித்தது என்று தெரியாது. தவில்காரர்தான் முதலில் விழுந்தார். அவருக்குக் கட்சியே இல்லை. அப்புறம் சோடா பாட்டில் பறந்தது, கல் பறந்தது. கம்பு மண்டையில் விழுகிற சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம் மாதிரியே இருக்கும். வித்தியாசம், தேங்காய் கத்தாது. பாலம் இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் அடைத்துக்கொண்டது.

அடைத்துக்கொண்டது! அந்த அடைப்பு வரக்கூடாது என்றுதானே மாடு ஓட்டினேன்? நானே காசில்லாத சுண்ணாம்பு போட்டு வரவழைத்திருக்கிறேன். எங்களுக்கு வலதுபக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், அதே பஸ் நின்றது. ஜன்னலில் காக்கிச் சட்டை.

மாப்பிள்ளை நிதானமாகச் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான்.

என் வாழ்நாளிலேயே வேகமாக நான் செய்த காரியம் அதுதான். அவன் ஸ்டாண்டைப் பார்த்துக் குனிந்தபோது, பின்னாலிருந்து கட்டுக்குள் கையை விட்டு அரிவாளை உருவி, என் சட்டைக்குள் முதுகுப்பக்கமாகச் செருகிக்கொண்டேன். பிடி அரைஞாணில் நின்றது, நுனி பிடரியில்.

"மச்சான், அருவாள எங்க?"

"எந்த அருவா?"

"எந்த அருவாளா?"

அவன் என் கழுத்தைப் பிடிப்பதற்குள் ஒரு கல் வந்து பஸ்ஸின் முன்கண்ணாடியை நொறுக்கியது. டிரைவர் பதறி ஸ்டீரிங்கை ஒடித்தான். வண்டி ஒரு முழம் நகர்ந்து, முன்சக்கரம் சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஏறி நின்றது.

"கோட்ட மிதிச்சுட்டான்டா!"

கத்தியது எந்தக் கட்சி என்று தெரியவில்லை. அதுவரை ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டன. தலைவர் வருகிற கோடு! யார் தலைவராக இருந்தால் என்ன? கிளீனர் பின்படியிலிருந்து குதித்து ஓடியவன்தான், திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரை ஜன்னல் வழியாகவே இழுத்தார்கள். உடைந்த கண்ணாடி அவன் கையைக் கீறியது. கம்பால் அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள், கீழே விழுந்தவன் விலாவில் மிதித்தார்கள். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஒரு ஆள் இவ்வளவு சத்தமில்லாமல் அடி வாங்குவதை நான் பார்த்ததில்லை. மூச்சு விட நேரம் இருந்தால்தானே கத்துவதற்கு? அவன் தவழ்ந்தே கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, கைக்குக் கிடைத்த ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

மாப்பிள்ளையின் சைக்கிள்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். நான் முதுகில் இரும்போடு விறைத்து நின்றேன். கம்போடு வந்தவர்களில் முன்னால் நின்றவன், "தள்ளுடா எலக்காரா" என்றான்.

"இவன் என் ஆளு" என்றான் மாப்பிள்ளை.

"என்னது?"

"இம்புட்டு நாளா இவனப் பாத்துப் பாத்து வச்சிருக்கேன் நான். இன்னைக்கு வந்த நீங்க அடிச்சுட்டுப் போயிருவீகளா? கைய வச்சுப் பாருங்கடா."

ஒருவன் கையை வைத்தான். மாப்பிள்ளை இலைக் கட்டோடு சைக்கிளை அப்படியே தூக்கிச் சுழற்றினான். பெடல் ஒருவன் தாடையில் பட்டது. அவன் பல்லை நான் என் கண்ணால் பார்த்தேன், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பட்டு ஆற்றுக்குள் போனது. பால்காரர்கள் வாளியோடு வந்துவிட்டார்கள். மில்காரர்கள் பம்போடு. எங்கள் ஒற்றுமைக்கு அன்றுதான் வேலை வந்தது. நானும் சண்டையில் கலந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். நான் டிரைவருக்குப் பக்கத்தில் அவனைப் போலவே தரையில் உட்கார்ந்து, சக்கரம் இருந்த இடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் லத்தியோடு வந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று கேட்கிற கெட்ட பழக்கம் லத்திக்குக் கிடையாது. எழுந்து ஓடப்போன என் முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. 'ணங்' என்றது. அடித்தவர் லத்தியைப் பார்த்தார், என் முதுகைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். சட்டைக்குள் வெதுவெதுவென்று ஏதோ இறங்குவது அப்புறம்தான் தெரிந்தது.

டிரைவரைக் கேரியரில் உட்கார வைத்து மாப்பிள்ளை மிதித்தான். சாயாமல் நான் பிடித்துக்கொண்டே கூட ஓடினேன். பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவரை கோட்டுக்கு இடதுபக்கம் ஒருவரும் இல்லை. செருப்பும் கல்லும்தான் கிடந்தன.

அவனுக்கு நெற்றியில் தையல். எனக்கு முதுகில் தையல். அந்த அரிவாள் தன் ஆயுளில் வெட்டிய ஒரே ஆள் நான்தான். நர்சம்மா அதை என் சட்டையிலிருந்து உருவி, என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். அன்றைக்கு வந்தவர்களிடமிருந்து அதைவிட மோசமானதை எல்லாம் உருவியிருப்பாள். நான் குப்புறக் கிடந்தேன். அடுத்த கட்டிலில் டிரைவர். நடுவில் மாப்பிள்ளை நின்றான். தட்டும் அவன் கைக்கு எட்டுகிற தூரம், டிரைவரின் கழுத்தும் எட்டுகிற தூரம். கூட்டம் இல்லை, போலீஸ் இல்லை, பறித்துக்கொண்டு ஓட என்னால் எழுந்திருக்கவும் முடியாது.

"என்னையத் தெரியுதா?" என்றான் மாப்பிள்ளை.

டிரைவர் வீங்கிய கண்ணால் பார்த்தான். "தூக்கிட்டு வந்த அண்ணன்."

"அது இல்ல. அதுக்கு முன்ன. எலக் கட்டு."

"எந்த எலக் கட்டுண்ணே?"

மாப்பிள்ளை கோணல் விரல்களை அவன் முகத்துக்கு நேரே காட்டினான். டிரைவர் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் கொடுமை. "கோவிச்சுக்காதீக. ரோட்டுல எம்புட்டோ நடக்குது. எல்லாத்தையும் ஞாபகம் வச்சா வண்டி ஓட்ட முடியாதுண்ணே."

மாப்பிள்ளையின் கை தட்டுக்குப் போனது. நான் 'சிஸ்டர்' என்று கத்த நினைத்தேன், தலையணைக்குள் ஊளைச் சத்தம்தான் வந்தது. அவன் அரிவாளைத் தூக்கினான். என் ரத்தம் காய்ந்திருந்த இடத்தைப் பார்த்தான். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ராத்திரி கண்ண மூடுனா இவன் மூஞ்சிதான் மச்சான். சாப்பிடும்போது இவன் மூஞ்சி. எல அறுக்கும்போது இவன் மூஞ்சி." கொஞ்சம் நிறுத்தினான். "இவனுக்கு என்னைய ஆருன்னே தெரியல."

தெரியாதவனை எப்படி வெட்டுவது என்று அவனுக்குப் புரியவில்லை. அரிவாளைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்து போனான். டிரைவர் என்னைப் பார்த்து, "எதுக்குண்ணே அருவா?" என்று கேட்டான். சொன்னேன். ஊர்ப்பட்ட அடி வாங்கியபோது கத்தாதவன், அப்போதுதான் கத்தினான்.

யார் வருவதாக இருந்தது என்று பிறகு எந்த ஆபீஸிலும் யாரும் விசாரிக்கவில்லை. தெரியாது என்று முதலில் ஒத்துக்கொள்ள ஒருவருக்கும் தைரியம் இல்லை. டயர் டயராக ஏறி, கோடு அழிந்துபோனது.

நெற்றித் தழும்போடு டிரைவர் மறுபடி வண்டி எடுத்தான். தூரத்தில் இலைக் கட்டைப் பார்த்தாலே வண்டியை நடு ரோட்டுக்கு ஒடித்து, ஒரு வண்டி அகலம் தள்ளிப் போனான். கிளீனரும் கையை உள்ளே மடக்கிக்கொண்டான். விஷயம் பரவி, அந்த வழியில் ஓடிய மற்ற பஸ்காரர்களும் ஒதுங்க ஆரம்பித்தார்கள். சைக்கிளுக்கு அல்ல. அந்த ஒரு கட்டுக்கு. கட்டுக்குள் இப்போது வெறும் இலைதான் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். மாப்பிள்ளை கிளம்புகிற நேரம் பார்த்துக் காத்திருந்து, அவனுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார்கள். முன்னால் போவது யார் என்ற சண்டை ஒரு வழியாகத் தீர்ந்தது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துக்கத்துக்காக மாப்பிள்ளை ஒரே ஒரு நாள் வரவில்லை. அன்றைக்கு அதே பஸ் ஒரு பால்காரரைத் தட்டியது. தொடை எலும்பு நொறுங்கிவிட்டது. ரோட்டில் பாலும் ரத்தமும் கலந்து ஓடியதைப் பள்ளத்திலிருந்து பார்த்தவன் நான்தான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவர் டிரைவரைத் திட்டவில்லை, பஸ் முதலாளியைத் திட்டவில்லை.

"ஒங்க மாப்ள ஏன்ப்பா இன்னைக்கி வரல?" என்று கேட்டார்.

அதை மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவனுக்கு லீவு கிடையாது. கல்யாணம் காட்சி கிடையாது. இலை கிடைக்காத நாளில்கூட வாழைச் சருகைக் கட்டி வைத்துக்கொண்டு வெறுமனே சிம்மக்கல் வரைக்கும் மிதித்துவிட்டு வந்தான்.

ஒரு மார்கழியில் அவனுக்குக் குளிர்க் காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நான் போனபோது வாசலில் வழக்கம்போலச் சைக்கிள்கள் நின்றன. ஒருவரும் கூப்பிடவில்லை. தொண்டையை மட்டும் செருமிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவன் கோணல் விரலால் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் தடவிக்கொண்டிருந்தான். தங்கச்சி அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே பித்தானைப் போட்டாள். போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"செயிலுக்கே போயிருக்கலாம்ணே. அங்கனயாவது காச்சலுன்னா படுக்க விட்டுருப்பாக."

மாப்பிள்ளை சைக்கிளை வெளியே தள்ளினான். கட்டின் ஒரு முனையை நான் தூக்கிவிட்டேன்.